புறப்படும் வரிசையும் பந்தய நீதியும்

மிதிவண்டிப் பந்தயத்தின் வெற்றி முடிவுக் கோட்டில் அறிவிக்கப்பட்டாலும், அந்த வெற்றி எதை அளக்கிறது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, யார் யாருடன் எந்த நேரத்தில் புறப்பட்டார்கள் என்பதுதான். இதற்குக் காரணம் காற்று. சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் தம் ஆற்றலின் பெரும்பகுதியைக் காற்றை எதிர்ப்பதிலேயே செலவிடுகிறார். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்கோ அந்தச் சுமை கணிசமாகக் குறைகிறது. பிறர் மறைவில் காற்றைத் தவிர்த்து ஓட்டும் இந்த முறைக்கு டிராஃப்டிங் என்று பெயர். எனவே, பெண்கள் பந்தயத்தில் ஓட்ட அனுமதிக்கப்பட்டார்களா என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகும், அவர்கள் ஆண்களோடு கலந்து புறப்படுவதா, தனித்துப் புறப்படுவதா என்ற கேள்வி எஞ்சி நின்றது. பரிசுப் பணத்தை வாழ்வாதாரமாகக் கொள்ளாத அமெச்சூர் ஓட்டுநர்களின் பந்தயங்களில், குறிப்பாகப் பிரிட்டனில், அக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொதுச் சாலைகளில் கூட்டமாக ஓட்டும் பந்தயங்கள் காவல்துறையின் எதிர்ப்புக்கு உள்ளாயின. 1894இல் நார்த் ரோடு மன்றத்தின் 50 மைல் பந்தயத்தின்போது குதிரை வண்டி ஒன்றின் குதிரை மிரண்டு ஓட்டுநர்கள் விழ நேர்ந்தது. அந்த நிகழ்வில் சிக்கியவர்களுள் ஒருவரான எஃப்.டி. பிட்லேக் அடுத்த ஆண்டே ஒரு மாற்று முறையை நடைமுறைப்படுத்தினார். ஓட்டுநர்கள் ஒருவர்பின் ஒருவராக, குறித்த இடைவெளியில் தனித்தனியே புறப்பட்டு, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் இம்முறை டைம் டிரையல் எனப்பட்டது. விடியற்காலையில், கறுப்பு உடையில், அந்தரங்கம் என்று அச்சிட்ட பெயர்ப்பட்டியலோடு, வெளியாருக்குப் புரியாத குறியீடுகளால் சுட்டப்பட்ட சாலைகளில் நடந்த இப்போட்டிகள், காவலரின் கண்ணில் படாதிருப்பதற்காகவே அவ்வாறு அமைக்கப்பட்டன. ஆனால் சட்டத்துக்கு அஞ்சிப் பிறந்த அந்த ஏற்பாடு, காற்றுமறைவின் உதவியை அடியோடு விலக்கியதால், எவரும் தம் கால்பலத்தால் மட்டுமே அளக்கப்படும் ஒரு போட்டியாகவும் அமைந்துவிட்டது.

இம்முறையில் புறப்படும் வரிசை சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்படுவதில்லை. வழக்கமாக நிமிடத்துக்கு ஒருவர் புறப்படுவர். மிக வேகமானவர்களுக்கு 10, 20, 30 எனப் பூஜ்யத்தில் முடியும் எண்களும், அடுத்த நிலையில் உள்ளவர்களுக்கு 5இல் முடியும் எண்களும் தரப்படும். வல்லவர் இருவர் அடுத்தடுத்துப் புறப்பட்டால் ஒருவர் மற்றவரை எட்டிப் பிடித்து, பார்வைக்கு எட்டும் தொலைவிலேயே இருவரும் சேர்ந்து செல்ல நேரிடலாம் என்பதால், அவர்களுக்கிடையில் வேகம் குறைந்தவர்கள் நிறுத்தப்பட்டனர். முந்தப்பட்டவர் முந்தியவரின் பின்னால் ஒட்டிக்கொள்வதும் விதியால் தடுக்கப்பட்டது. இருப்பினும் ஒரு குறை நீங்கவில்லை: 120 பேர் நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்படும்போது முதலாமவருக்கும் கடைசியானவருக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழிந்துவிடுகிறது; அதற்குள் காற்றின் திசையும் சாலையின் போக்குவரத்தும் மாறிவிடலாம். பெண்களை ஒரே தொகுதியாக வரிசையின் தொடக்கத்திலோ இறுதியிலோ வைப்பதன் பயனும் இழப்பும் இங்கிருந்தே பிறக்கின்றன: அவர்கள் தமக்குள் ஒத்த சூழலில் போட்டியிடுகிறார்கள், ஆனால் ஆண்களின் நேரத்தோடு அவர்களுடைய நேரத்தை ஒப்பிடுவது ஐயத்துக்குரியதாகிறது.

பெண்கள் இந்த உலகுக்குள் தங்கள் சொந்த அமைப்புகளின் வழியாகவே நுழைந்தனர். 1922இல் ராஸ்லின் பெண்கள் மிதிவண்டி மன்றம் தோன்றியது. 1934இல் உருவான பெண்கள் சாலைச் சாதனைச் சங்கம், ஊரிலிருந்து ஊருக்குத் தனியாக ஓட்டி நிகழ்த்தப்படும் சாதனைகளைச் சரிபார்த்துப் பதிவு செய்தது. பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகோடி ஜான் ஓ'குரோட்ஸ் வரையிலான சுமார் 870 மைல் தொலைவை 1938இல் லிலியன் டிரெட்ஜும், 1939இல் மார்கரீட் வில்சனும், 1954இல் ஐலீன் ஷெரிடனும் ஒருவர் நேரத்தை மற்றவர் குறைத்து ஓட்டினர்; ஷெரிடன் எடுத்துக்கொண்டது 2 நாள் 11 மணி 7 நிமிடம். சாலையில் தனியாகச் செல்லும் ஒருவருக்குத் தொடக்கக் குழு என்ற சிக்கலே எழாததால், அமைப்புகளின் தயக்கங்களைக் கடந்து பெண்கள் தம் திறனை நிறுவ இத்தகைய சாதனைகளே முதல் வழியாயின.

போட்டிகளிலோ பிரிவினை வேறொரு வடிவில் நிலைபெற்றது. ஓர் ஆண்டு முழுவதற்குமான சிறந்த டைம் டிரையல் ஓட்டுநரைக் கண்டறியும் பிரிட்டிஷ் பெஸ்ட் ஆல்ரவுண்டர் பட்டத்துக்கு, ஆண்கள் 50 மைல், 100 மைல், 12 மணி நேரம் ஆகிய மூன்று போட்டிகளின் சராசரி வேகத்தால் மதிப்பிடப்பட்டனர்; பெண்களுக்கோ 25, 50, 100 மைல்களே கணக்கில் கொள்ளப்பட்டன. நீண்ட தொலைவு பெண்களுக்கு ஏற்றதன்று என்ற கருத்து விதியாகவே அதில் உறைந்திருந்தது.

அந்தக் கருத்தை 1967 செப்டம்பரில் யார்க்‌ஷயரில் நடந்த ஓட்லி மன்றத்தின் 12 மணி நேரப் போட்டி உடைத்தது. குறித்த நேரத்துக்குள் யார் அதிகத் தொலைவு செல்கிறார் என்பதே இப்போட்டியின் அளவுகோல். மார்லி நகரில் ருபார்ப் பயிரிடும் பண்ணையொன்றில் வேலை செய்துகொண்டே பந்தயங்களில் ஓட்டிய பெரில் பர்டன், ஆண்கள் அனைவரும் புறப்பட்ட பிறகு புறப்பட்டு, அவர்களை ஒவ்வொருவராக முந்திச் சென்று, இறுதியில் முதலிடத்தில் இருந்த மைக் மெக்நமாராவையும் எட்டிப் பிடித்தார். கடந்து செல்லும்போது அவருக்கு அதிமதுர மிட்டாய் ஒன்றை நீட்டினார் என்ற கதை பிரிட்டிஷ் மிதிவண்டி வரலாற்றில் மிகுதியும் சொல்லப்படுவது. பர்டன் சென்ற தொலைவு 277.25 மைல், மெக்நமாரா சென்றது 276.52 மைல். மெக்நமாராவின் தொலைவே அதுவரை எந்த ஆணும் எட்டாததாக இருந்தும், அதே நாளில் அதே சாலையில் ஒரு பெண் அதை விஞ்சிவிட்டார். பர்டனின் தொலைவை எந்த ஆணும் 1969 வரை கடக்கவில்லை; பெண்களுக்குள் அது 2017 வரை நிலைத்தது.

இந்நிகழ்வின் நுட்பம் பதிவேடுகளில் தெரிகிறது. தனித்தனிப் பட்டியல்கள் இருந்தமையால், ஆண்களின் சாதனையாக மெக்நமாராவின் தொலைவும், பெண்களின் சாதனையாக அதைவிட நீண்ட பர்டனின் தொலைவும் ஒருங்கே பதிவாயின. மெக்நமாராவின் 12 மணி நேர ஓட்டம் அவ்வாண்டு அவர் வென்ற ஆல்ரவுண்டர் பட்டத்துக்குக் கணக்கில் சேர்ந்தது. 1959 முதல் 1983 வரை தொடர்ந்து 25 ஆண்டுகள் பெண்கள் பட்டத்தை வென்ற பர்டனுக்கோ, அவருடைய மிகப் பெரிய ஓட்டம் அப்பட்டத்துக்கு ஒரு புள்ளியும் சேர்க்கவில்லை. தனிப்பிரிவு பெண்களுக்குப் பாதுகாப்பளித்தது உண்மையே. ஆயினும், ஒரே நாளின் ஒரே சாலையில் இருபாலரும் கடிகாரத்தோடு போட்டியிடும் வாய்ப்பு இருந்திராவிட்டால், அப்பிரிவின் எல்லைக்கு அப்பால் பர்டன் சென்றுவிட்டதை எவரும் கண்டிருக்க முடியாது.

கூட்டுத் தொடக்கப் பந்தயங்களில், அதாவது எல்லோரும் ஒரே கணத்தில் புறப்படும் பந்தயங்களில், சிக்கல் முற்றிலும் வேறானது. 1942இல் பெர்சி ஸ்டாலார்ட் இத்தகைய பந்தயங்களுக்கு இருந்த தடையை மீறி லாங்கொல்லனிலிருந்து உல்வர்ஹாம்ப்டனுக்கு நடத்திய பந்தயத்துக்குப் பின் இவ்வகை பிரிட்டனில் மெல்ல வேரூன்றியது. பெண்களுக்கான சாலை உலகப் போட்டி 1958இல்தான் பிரான்சின் ரீம்ஸ் நகரில் முதன்முறையாக நடந்து, லக்சம்பர்க்கின் எல்சி ஜேகப்ஸ் அதை வென்றார். ஒலிம்பிக்கில் பெண்கள் சாலைப் பந்தயம் இடம்பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளூர் அளவில் பெண் ஓட்டுநர்கள் குறைவாக இருந்ததால், அமைப்பாளர்கள் பல தகுதி நிலைகளைச் சேர்ந்த பெண்களை ஒரே குழுவாகவோ, ஆண்களின் தொடக்கநிலைக் குழுவோடு சேர்த்தோ புறப்பட வைத்து, முடிவுகளை மட்டும் பிரித்து அறிவிப்பது வழக்கமாயிற்று.

கலப்புத் தொடக்கத்தில் பெண் ஆணோடு மோதுவதால் மட்டும் அநீதி நேர்வதில்லை. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் அது கூர்மையாக வெளிப்படுகிறது. வேகமான ஆண்கள் குழுவொன்றில் இடம்பிடித்துக்கொண்ட பெண், அவர்களின் காற்றுமறைவில் முன்னேறுகிறார். அவரைவிட வலிமையான இன்னொரு பெண், அக்குழுவைச் சில நொடிகளில் தவறவிட்டால், தனியாகக் காற்றை எதிர்த்துப் பின்தங்குகிறார். கணவரோ மன்றத் தோழரோ முன்னே சென்று காற்றைத் தாங்கித் தரும் வாய்ப்புள்ளவர் மேலும் பயன்பெறுகிறார். அப்போது பெண்கள் பட்டத்தை முடிவு செய்பவர்கள், அப்பட்டத்துக்குப் போட்டியிடாத ஆண்களே ஆகிவிடுகின்றனர்.

தனித் தொடக்கமும் போதிய இடைவெளியின்றி அமைந்தால் பயன்தராது. 2019இல் பெல்ஜியத்தில் நடந்த ஓம்லூப் ஹெட் நியூஸ்பிளாட் என்ற தொழில்முறைப் பந்தயத்தில், ஆண்களுக்குப் பத்து நிமிடம் கழித்துப் பெண்கள் புறப்பட்டனர். தனியாக முன்னேறிய சுவிட்சர்லாந்து ஓட்டுநர் நிக்கோல் ஹான்செல்மன் ஆண்களின் பந்தயத்தைப் பின்தொடரும் வாகனங்களை நெருங்கிவிட்டதால், பெண்கள் பந்தயமே சில நிமிடங்கள் நிறுத்தப்பட்டது. மீண்டும் புறப்பட்டபோது அவருடைய முன்னிலை அவருக்குத் திருப்பித் தரப்பட்டாலும், பிறகு அவர் பிடிபட்டார். இரு பந்தயங்களும் ஒன்றையொன்று நெருங்கியபோது நிறுத்தப்பட்டது பெண்களின் பந்தயம்தான் என்பது, அட்டவணையின் ஓரத்தில் அவர்களுக்குத் தரப்பட்டிருந்த இடத்தைக் காட்டுகிறது.

அண்மைக்காலத்தில் இவ்விவாதம் கூர்மையடைந்த களம், சரளைக்கல் சாலைகளில் நடக்கும் கிராவல் பந்தயங்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா நகரில் 2006இல் சில பத்துப் பேரோடு தொடங்கிய 200 மைல் பந்தயம், இன்று அன்பவுண்ட் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோரை ஈர்க்கிறது. அனைவரும் ஒன்றாகப் புறப்படுவதே அதன் பெருமையாக நெடுநாள் கருதப்பட்டது. பின்னர் முதல்நிலைப் பெண்கள் போதிய இடைவெளியுடன் தனியே புறப்பட வைக்கப்பட்டனர். 2024இல் ஒன்பது பெண்கள் இறுதிவரை ஒன்றாக வந்து, கடைசி நேர வேகப் போட்டியில் ஜெர்மனியின் ரோசா கிளோசர் வென்றார். நெடுந்தொலைவுப் பந்தயமொன்றில் பெண்கள் தமக்குள் உத்தி வகுத்து, ஒருவரையொருவர் பார்த்து ஓட்டி, முடிவைத் தாமே தீர்மானித்தது இந்த ஏற்பாட்டின் நேரடி விளைவு.

ஆனால் அதே பந்தயத்தில் முதல்நிலையில் இல்லாத அமெச்சூர் பெண்கள் ஆண்களோடு கலந்தே புறப்படுகின்றனர். தனித் தொடக்கத்துக்கு நேரம், நடுவர், வாகனம், மூடிய சாலை ஆகிய அனைத்தும் கூடுதலாகத் தேவைப்படுவதால், பார்வையாளரும் பரிசும் உள்ள இடத்தில்தான் அது முதலில் கிடைக்கிறது. மறுபுறம், எண்ணிக்கை மிகக் குறைந்த ஊர்ப் பந்தயத்தில் நான்கைந்து பெண்களைத் தனியே அனுப்பினால், காற்றுமறைவும் உத்தியும் அற்ற வெற்றுப் பயிற்சியாக அது சுருங்கிவிடும். எனவே எல்லாக் களத்துக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை: காற்றுமறைவு தடுக்கப்பட்ட டைம் டிரையலில் இருபாலரும் ஒரே வரிசையில் புறப்படுவதே ஒப்பீட்டுக்கு நேர்மையானது; காற்றுமறைவே பந்தயத்தை முடிவு செய்யும் கூட்டுத் தொடக்கத்தில், எண்ணிக்கை இடம்தரும் அளவுக்குப் பெண்களைத் தனியே புறப்பட வைப்பதும், இயலாதபோது ஆண்களின் துணையைப் பெறுவதை விதியால் தடுப்பதுமே அவர்களின் முடிவை அவர்களுடையதாக வைத்திருக்கும். எந்த முறையைத் தேர்ந்தாலும், அதன் செலவை எப்போதும் பெண்களே ஏற்க வேண்டும் என்ற பழைய பழக்கம்தான் இன்னும் முழுமையாகக் கைவிடப்படாதது.