மூன்று பாய் அறை: ஒசாகாவில் மலிவாகத் தங்குவதன் வரலாறு

ஜப்பானின் ஒசாகா நகரத்தில் தங்குவதற்கு மலிவான அறை ஒன்று தேடிப் பாருங்கோ. விலை குறைந்ததில் இருந்து மேலே வரிசைப்படுத்தினால், முதலில் வருகிற ஹொட்டல்கள் பல ஒரே இடத்தில்தான் கூடி நிற்கும். ஷின்-இமாமியா, டோபுட்சுயென்-மாயே என்ற இரண்டு ரயில் நிலையங்களுக்குத் தெற்கே, நிஷிநாரிப் பகுதியில் அந்த இடம் இருக்கிறது. அறை விபரமும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். மூன்று தத்தாமிப் பாய் அளவு, அதாவது 5 சதுர மீட்டர். குளியலறை பொது. கழிப்பறை பொது. சில இடங்களில் ஒரு பொது அடுப்படியும் உண்டு.

ஆனால் அமைவிடத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கான்சாய் விமான நிலையத்தில் இருந்து நங்காய் ரயிலில் ஏறினால் மாறாமல் வந்து இறங்கலாம். நகரத்தைச் சுற்றும் வட்டப்பாதை ரயிலும் அங்கே நிற்கும், சுரங்க ரயிலும் பக்கத்தில். இவ்வளவு வசதியான இடத்தில இவ்வளவு மலிவா, ஏதோ இருக்கு எண்டு ஒரு சந்தேகம் வரும்.

இருக்குத்தான். நூற்றுச்சொச்ச வருட வரலாறு இருக்கு. அந்த அறை சுற்றுலாப் பயணிக்காகக் கட்டப்பட்டதே இல்லை.

விறகுக் காசு

எடோ காலத்தில் (1603–1868) ஜப்பானின் நெடுஞ்சாலைகளில் இரண்டு விதமான விடுதிகள் இருந்தன. சாப்பாடும் தந்து தங்கவும் விடுகிற இடத்துக்கு ஹதாகோ என்று பெயர். அதற்குக் காசில்லாதவர்களுக்கு கிசின்யாடோ. 'கி' என்றால் மரம், 'சின்' என்றால் கட்டணம். பயணி தன் அரிசியைத் தானே கொண்டு வந்து சமைப்பார், எரித்த விறகுக்கு மட்டும் காசு கொடுப்பார். படுக்க இடம் பலருடன் சேர்த்து ஒரே அறையில். இன்றைக்கு பாக்பக்கர் விடுதிகளில் நாங்கள் பார்க்கிற பொதுச் சமையலறை, பொதுப் படுக்கையறை எல்லாவற்றுக்கும் ஜப்பானில் இதுதான் மூத்த வடிவம்.

மெய்ஜி காலத்தில் தொழிற்சாலைகள் வந்தன. கிராமத்தில் இருந்து வேலை தேடி வந்தவர்கள் இந்த விடுதிகளிலேயே மாதக்கணக்கில் தங்கினார்கள். பயணியின் விடுதி, ஏழைத் தொழிலாளியின் வீடாக மாறியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒசாகா நிர்வாகம் இவ்விடுதிகளை நகரத்துக்குள் இருந்து விளிம்புக்குத் தள்ளத் தொடங்கியது. 1903இல் ஐந்தாவது தேசியக் கைத்தொழில் கண்காட்சி தென்னோஜியில் நடந்தது. விருந்தாளிகள் வருகிற வழியில் சேரி தெரியக்கூடாது என்ற எண்ணமும் அக்காலத்தில் வேலை செய்தது. கண்காட்சி முடிந்த நிலத்தில் 1912இல் ஷின்செகாய், அதாவது 'புது உலகம்' என்ற பெயரில் ஒரு களியாட்டப் பகுதியும் ட்சூடென்காகு கோபுரமும் எழுந்தன. அதற்குத் தெற்கே சிறிது தூரத்தில், மலிவு விடுதிகள் குவிந்த ஒரு பகுதி உருவாகிவிட்டது. அதன் பெயர் கமகசாகி.

வரைபடத்தில் இல்லாத ஊர்

கமகசாகி என்று வரைபடத்தில் தேடினால் உத்தியோகபூர்வமான இடப்பெயராக எதுவும் அகப்படாது. 1922இலேயே அப்பெயர் நிர்வாகப் பதிவுகளில் இருந்து போய்விட்டது. மக்கள் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இங்கேயிருந்த மலிவு விடுதிகளுக்கு 'டோயா' என்ற பெயர் நிலைத்தது. ஜப்பானிய மொழியில் விடுதிக்கு 'யாடோ' என்பார்கள். அதைத் தலைகீழாகப் புரட்டினால் டோயா. இதெல்லாம் ஒரு விடுதியா என்ற நக்கல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கு. சில டோயாக்களில் ஒரு அறையை மரப்பலகையால் அடுக்கடுக்காகப் பிரித்து ஆட்களைப் படுக்க வைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'பட்டுப்புழுத் தட்டு'. பட்டுப்புழு வளர்க்கிற அடுக்குத் தட்டுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் உடனே விளங்கும்.

1961 ஓகஸ்ட் மாதம் ஒரு நாட்கூலித் தொழிலாளி டாக்ஸி மோதி விழுந்தார். பொலிஸ் அவர் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, வைத்தியசாலைக்கு அனுப்பாமல் வீதியிலேயே மூடிப் போட்டுவிட்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் கொதித்துப் போனார்கள். நாட்கணக்கில் கலவரம் நடந்தது. 2008 வரை இந்தச் சிறிய பகுதியில் 24 கலவரங்கள் நடந்ததாகக் கணக்கு.

அரசு இரண்டு காரியம் செய்தது. குடும்பமாக இருந்தவர்களை வேறிடங்களில் இருந்த பொதுவீடுகளுக்கு அனுப்பியது. 1966இல் ஊருக்குப் புதுப்பெயர் வைத்தது: 'ஐரின்', அதாவது அயலாரிடம் அன்பு. குடும்பங்கள் போன பிறகு கமகசாகி தனியாண்களின் ஊராகிவிட்டது.

கண்காட்சியைக் கட்டியவர்கள்

1970இல் ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடந்தது. ஆறு மாதத்தில் 6 கோடியே 40 லட்சம் பேர் வந்து போனார்கள். அதற்கான மண்டபங்கள், நெடுஞ்சாலைகள், சுரங்க ரயில் பாதைகள் எல்லாவற்றையும் கட்ட ஆட்கள் வேணும். ஜப்பான் முழுவதிலுமிருந்து இளம் ஆண்கள் வந்து சேர்ந்த இடங்களில் முக்கியமானது கமகசாகி. உச்ச காலத்தில், ஒரு சதுர கிலோமீட்டரைவிடக் குறைந்த பரப்பில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தார்கள்.

அதே 1970இல் ஐரின் தொழிலாளர் நிலையம் திறக்கப்பட்டது. விடிகாலையில் ஒப்பந்தகாரரின் வான்கள் வந்து வரிசையாக நிற்கும். கண்ணாடியில் வேலையும் கூலியும் எழுதிய அட்டை. பிடித்தால் ஏறலாம். பின்னேரம் கூலி கையில். அந்தக் காசில் ஓர் இரவுக்கு ஓர் அறை. இந்தத் தேவைக்குத்தான் பழைய டோயாக்களை இடித்து, பல மாடிகளில் சின்னச் சின்னத் தனியறைகளாகக் கட்டினார்கள். ஒரு ஆள் படுக்க, ஒரு பை வைக்க, மூன்று பாய் போதும். ரயில் நிலையம் பக்கத்தில் இருந்ததும் வேலைக்குப் போக வசதி. இன்றைக்கு முன்பதிவுத் தளத்தில் நீங்கள் பார்க்கிற மலிவு அறைகள் பல இந்த வழியில் வந்தவைதான்.

கடைசி ரயிலைத் தவறவிட்டவர்

ஒசாகாவின் மற்ற மலிவுத் தங்குமிடம் கப்சூல் ஹொட்டல். உலகத்தின் முதலாவது கப்சூல் ஹொட்டல் 1979இல் ஒசாகாவின் உமேடாப் பகுதியில் திறந்தது. வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா, டோக்கியோவின் நாககின் கப்சூல் கோபுரத்தை 1972இல் கட்டிய அதே கட்டடக் கலைஞர். 1970 கண்காட்சியிலும் அவர் கப்சூல் வீடு ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தார். அதைப் பார்த்து ஈர்க்கப்பட்ட ஒரு சவுனாக் குளியலகத்தின் உரிமையாளர்தான் கேட்டுக் கட்டுவித்தார்.

நள்ளிரவுக்குப் பிறகு ரயில் ஓடாது. தூர வீட்டுக்கு டாக்ஸியில் போனால் கட்டுபடியாகாது. வேலை முடித்து, மேலதிகாரியோடு குடித்து, கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலக ஆண்தான் இதன் வாடிக்கையாளர். அதனாலதான் நெடுங்காலமாக இவை ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தன. இப்பவும் பல இடங்களில் அப்படித்தான், பதிவு செய்ய முதல் பாருங்கோ.

டோயாவையும் கப்சூலையும் ஆட்கள் வேறு வேறு உலகமாகப் பார்க்கிறார்கள். ஒன்று வறுமை, மற்றது எதிர்காலத் தொழில்நுட்பம். ஆனால் ஜப்பானின் 1948ஆம் ஆண்டு விடுதித் தொழில் சட்டத்தில் இரண்டும் 'எளிய தங்குமிடம்' என்ற ஒரே வகைக்குள்தான் வருகின்றன. கப்சூலின் இரண்டு அடுக்கையும் பட்டுப்புழுத் தட்டின் அடுக்கையும் பக்கத்தில வைச்சு யோசிச்சால், சட்டம் சரியாகத்தான் பார்த்திருக்கு எண்டு தோன்றும். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, வேலையிழந்தவர்கள் டோக்கியோவில் கப்சூலிலேயே மாதக்கணக்கில் குடியிருந்தார்கள். அதற்கு முதலே, 2007இல், இரவைக் கழிக்க இணையக் கபேயைத் தவிர வேறிடம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 5,400 பேர் என்று அரசே மதிப்பிட்டிருந்தது.

அறைகள் காலியானபோது

1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது. கட்டட வேலை வற்றியது. 1970இல் இருபது வயதில் வந்தவர்களுக்கு இப்போது நாற்பது தாண்டியிருந்தது. நாட்கூலி இல்லை என்றால் அன்றிரவு அறையும் இல்லை. 1998இல் எடுத்த கணக்கெடுப்பில் ஒசாகா நகரத்தில் மட்டும் 8,660 பேர் வீதியிலும் பூங்காவிலும் படுத்திருந்தார்கள்.

டோயா முதலாளிகளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, அரசின் வாழ்வாதார உதவி பெறும் முதியவர்களுக்கான நிரந்தரக் குடியிருப்பாகக் கட்டடத்தை மாற்றுவது. மற்றது, வெளிநாட்டுப் பயணிக்குக் கொடுப்பது. 2002இல் உலகக்கிண்ண உதைபந்தாட்டம் ஜப்பானில் நடந்தபோதே டோக்கியோவின் சன்யா என்ற இதே மாதிரியான பகுதி வெளிநாட்டவரை ஏற்கத் தொடங்கியிருந்தது. ஒசாகாவும் பின்தொடர்ந்தது. ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் தொகை 2013இல் முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. 2024இல் அது 3 கோடி 68 லட்சம்.

அப்ப, பயணிகள் வந்துதான் தொழிலாளியைத் துரத்தினார்களா? அப்படி நேராகச் சொல்ல முடியாது. வேலை போனதால் காலியான அறைக்குள்தான் பயணி வந்தார். ஆனால் அடுத்த கட்டம் வேறு. 2019இல் தொழிலாளர் நிலையத்தின் பழைய கட்டடம் மூடப்பட்டது. 2022இல் ஷின்-இமாமியா நிலையத்துக்கு எதிரே ஹொஷினோ நிறுவனத்தின் பெரிய ஹொட்டல் ஒன்று திறந்தது. 2025இல் இன்னொரு உலகக் கண்காட்சியும் ஒசாகாவில் நடந்து முடிந்தது. 1903, 1970, 2025. ஒவ்வொரு கண்காட்சிக் காலத்திலும் நகரம் இந்த மனிதர்களைப் பற்றி ஏதோ ஒரு முடிவு எடுத்திருக்கு.

ஒரு நாள் அறை என்பது முகவரி ஆகாது. கமகசாகித் தொழிலாளர்கள் பலர் அங்கிருந்த ஒரு தொழிலாளர் மண்டபத்தையே முகவரியாகப் பதிந்திருந்தார்கள். 2007இல் ஒசாகா நகரசபை, அங்கே அவர்கள் உண்மையில் வசிக்கவில்லை என்று சொல்லி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வதிவிடப் பதிவை ஒரேயடியாக நீக்கியது. பதிவு போனால் வாக்கும் போகும். பதிவு இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று எங்கட ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறவரும்

1903 கண்காட்சி வாசலுக்கு வெளியே 'மனித மண்டபம்' என்று ஒன்றும் இருந்தது. ஐனு மக்கள், ஒகினாவா மக்கள், தைவானின் பழங்குடிகள் என்று பலரை அங்கே உயிரோடு காட்சிக்கு வைத்தார்கள். ஒகினாவாவில் இருந்து கடும் எதிர்ப்புக் கிளம்பியது.

2021இல், நகரசபையின் பிரதேச விளம்பரத் திட்டம் ஒன்றின் பகுதியாக ஒரு கட்டுரை இணையத்தில் வந்தது. இளம் பெண் எழுத்தாளர் ஒருவர் ஷின்-இமாமியாவில் வீடற்ற ஒருவரைச் சந்தித்து, அவரோடு சாப்பிட்டு ஒரு நாளைக் கழித்ததை இனிமையான கதையாக எழுதியிருந்தார். முதலில் ஆகா ஓகோ என்று பகிர்ந்தார்கள். பிறகு கேள்விகள் வந்தன. வறுமையை விளம்பரமாக விற்கிறீர்களா? அந்த மனிதருக்கு இதில் என்ன கிடைத்தது? நூற்றுப்பதினெட்டு வருடத்துக்குப் பிறகும் கேள்வி மாறவில்லை.

அப்ப அங்க தங்கலாமா?

தங்கலாம். அந்தப் பகுதியை 'ஆபத்தான இடம், போகாதே' என்று தவிர்க்கச் சொல்கிற அறிவுரைகள் நிறைய. அந்தப் பயம் பெரும்பாலும் ஏழைகள் மீதான பயம். இன்றைக்கு அங்கே நீங்கள் காண்பது அனேகமாக வயது போன, தனித்த ஆண்களைத்தான்.

திட்டமிடுகிறவர்களுக்குச் சில விசயங்கள். மார்ச் கடைசியில் இருந்து ஏப்ரல் தொடக்கம் வரையான செர்ரிப் பூக்காலம், ஏப்ரல் கடைசி – மே தொடக்க விடுமுறைகள், ஓகஸ்ட் நடுப்பகுதி ஆகியவற்றில் மலிவு அறையும் மலிவாக இராது. சனி இரவும் அப்படியே. பொதுக் குளியலுக்கு நேரம் உண்டு, முன்கூட்டியே பாருங்கோ. கடவுச்சீட்டைப் பிரதி எடுப்பார்கள், அது சட்டம். ஒசாகாவின் தங்குவரி 2025 செப்டெம்பரில் இருந்து ஓர் இரவுக்கு 5,000 யென்னும் அதற்கு மேலும் உள்ள அறைகளுக்கு வருகிறது. அதற்குக் கீழே என்றால் வரி இல்லை.

சுவர் மெல்லிசு. பக்கத்து அறையில் உங்களைப் போல ஒரு பயணி இருக்கலாம், முப்பது வருடமாக அங்கேயே இருக்கிற ஒருவரும் இருக்கலாம். இரவில் சத்தம் போடாதேங்கோ. முக்கோணப் பூங்காவில் உணவுக்கு வரிசையில் நிற்பவர்களைப் படம் எடுக்காதேங்கோ. அந்த வட்டாரத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் சாப்பிடுங்கோ. கதை கேட்க விருப்பம் என்றால், கவிஞர் கனாயோ உவேடா நடத்துகிற கொகோரூம் என்ற விருந்தினர் இல்லம் அங்கே இருக்கிறது. 2012இல் இருந்து 'கமகசாகிக் கலைப் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் அப்பகுதி முதியவர்களோடு சேர்ந்து வகுப்புகள் நடத்துகிறார்கள். அங்கே அந்த மனிதர்கள் கவிதை எழுதுகிறார்கள், தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். நாங்கள் பக்கத்தில் இருந்து கேட்டால் போதும்.