மிதிவெடி வரைபடத்தில் வெற்றிடம் என்றால் என்ன?

முகமாலை, கிளாலி, நாகர்கோவில் ஊடாகச் சென்ற முன்னரங்கு 2000 முதல் 2008 இறுதி வரை பெரிதாக நகரவில்லை. இரு தரப்பும் அங்கே மிதிவெடிகளை வரிசை வரிசையாகப் புதைத்தன. எது எடுக்கப்பட்டது, எங்கே மிச்சம் இருக்கலாம் என்ற விபரம் இன்று ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. காணிக்குத் திரும்பும் எம்மவர்கள் அதை ஓரளவு விளங்கி வைத்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

'இம்ஸ்மா' என்பது அதன் பெயர். ஜெனீவாவில் இயங்கும் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றல் மையம் உருவாக்கியது. 1999இல் கொசோவோவில் பயன்பாட்டுக்கு வந்தது. இலங்கையில் தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையம் இதைப் பேணுகிறது. ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களின் கள அறிக்கைகள் அங்கே போய்ச் சேர்கின்றன.

ஒவ்வோர் ஆபத்துப் பகுதிக்கும் ஓர் இலக்கம் உண்டு. எல்லைப் புள்ளிகளின் ஆள்கூறுகள், அங்கே நடந்த விபத்துகள், எடுத்த வெடிகளின் வகை, வேலை முடிந்த திகதி எல்லாம் அந்த இலக்கத்துடன் கோர்க்கப்படும். ஆள்கூறுதான் இதில் உயிர். இலங்கையின் பழைய வரைபடங்கள் 'கண்டவல' என்ற அளவை அடிப்படையில் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் கருவி பயன்படுத்துவது வேறொன்று. மாற்றாமல் பதிந்தால் இடம் நூறு மீற்றருக்கு மேல் விலகும். உங்கள் வளவின் ஆபத்து பக்கத்து ஒழுங்கையில் போய் நிற்கும்!

காணி விடுவிக்கப்படுவது மூன்று வழிகளில். ஊராரிடம் விசாரித்து, ஆதாரம் இல்லை என்று கண்டு பட்டியலிலிருந்து நீக்குவது ஒன்று. கருவியுடன் உள்ளே சென்று ஆராய்ந்து பரப்பைக் குறைப்பது இன்னொன்று. முழுமையாகத் தேடி அகற்றுவது மூன்றாவது. மூன்றையுமே நாம் 'கிளியர் பண்ணியாச்சு' என்கிறோம். பதிவேட்டில் அவை வேறு வேறு. அகற்றிய இடத்திலும் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரைதான் தேடியிருப்பார்கள். தோட்டம் கொத்த அது போதலாம்; கிணறு வெட்ட, அத்திவாரம் தோண்ட அது போதுமா என்று கேட்டே ஆக வேண்டும்.

வரைபடத்தில் நிறம் பூசாத இடம்தான் என்னைப் பயமுறுத்துவது. ஆய்வு செய்து ஒன்றும் இல்லை என்று கண்ட நிலமும், ஒருவரும் போய்க் கேட்காத நிலமும் அதில் ஒரே மாதிரித் தெரியும். இடம்பெயர்ந்து வெளிநாடு போனவர்களின் காணிகளைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆளில்லை.

2017இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றி முடிக்க வேண்டிய காலக்கெடு 2028 யூன். அதற்கிடையில் காணிக்குள் இறங்குபவர்கள் கிராம அலுவலர் ஊடாக மூன்று விடயங்களைக் கேளுங்கள்: பகுதி இலக்கம், விடுவித்த முறை, தேடிய ஆழம். பழைய பங்கர், மண் அணை எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.