வளைந்து கொடுத்த கருவி

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும் நாம் வயலினின் ஒலியைக் கேட்பதுண்டு. வயலினைக் காண்பதுதான் அரிது. கீபோர்டின் பொத்தான் ஒன்றே அவ்வொலியைத் தந்துவிடுகிறது. அக்கருவி நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றை நினைவுகூர்வது தகும்.

1700ஆம் ஆண்டு உரோமையில் ஆர்க்காஞ்செலோ கொரெல்லி பன்னிரண்டு சொனாட்டாக்களை வெளியிட்டார். வயலின் பாட, ஹார்ப்சிகார்டோ தாழ்ந்த குரலுடைய வில்லிசைக் கருவியோ அதற்குத் துணை நிற்கும். அவற்றுள் முதல் ஆறும் ‘ஆலய சொனாட்டா’ வகையைச் சார்ந்தவை. ஒரு தலைமுறைக்குள் செபஸ்தியான் பாக், தம் ஆறு சொனாட்டாக்களில் ஹார்ப்சிகார்டை வயலினுக்குச் சமமான தோழனாகவே உயர்த்தினார்.

ஐரோப்பியருடன் இவ்விரு தோழர்களும் இந்தியாவுக்கு வந்தனர். ஆனால் இருவருக்கும் ஒரே விதி வாய்க்கவில்லை.

1789இல் கல்கத்தாவில் வில்லியம் ஹாமில்டன் பேர்ட் என்பவர் இந்துஸ்தானிப் பாடல்களை ஹார்ப்சிகார்டுக்கு ஏற்ப அமைத்து நூலாக வெளியிட்டார். ஹார்ப்சிகார்ட், இறகு முனையால் தந்தியைச் சுண்டி ஒலிப்பது. அழுத்திய கட்டைக்கு ஒரே சுரம். எழுந்த ஒலியும் உடனே தேயும். சுரத்தினின்று சுரத்திற்கு இழைந்து செல்ல அதனால் இயலாது. கமகமின்றி நம் இராகம் ஏது? அங்கே கருவிக்காகப் பாடல் வளைந்தது. பின்னர் ஐரோப்பாவிலேயே பியானோ வந்து ஹார்ப்சிகார்டை ஒதுக்கியது.

சென்னையில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858), மணலி முதலியாரின் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். பின்னாளில் எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக விளங்கினார். வயலினுக்கு வீணையைப் போல் மெட்டுகள் இல்லை. ஆதலால் விரல் தடையின்றி இழையும். வில் செல்லுமளவும் நாதம் நிலைக்கும். நம் கலைஞர்கள் தரையில் அமர்ந்து, கருவியின் தலையைப் பாதத்தில் ஊன்றி, தந்திகளைச் சட்ஜ பஞ்சமத்தில் சுருதி கூட்டி அதைத் தமதாக்கினர். இங்கே பாடலுக்காகக் கருவி வளைந்தது, வளைந்ததனால் வாழ்ந்தது.

மறைபரப்பு நாடுகளில் மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் திருவழிபாட்டு ஏட்டில் பணித்தது. வெளியிலிருந்து வருவது மக்களின் குரலைக் கற்றுக்கொள்ளும் பொறுமை உடையதாயின், அது அந்நியமாக இராது என்பதற்கு வயலினைவிடச் சிறந்த சான்று எது? நற்செய்தியை ஏந்திச் செல்வோர்க்கும் இது பொருந்தும்.

கீபோர்டோ கட்டைக்கு ஒரு சுரமுடைய ஹார்ப்சிகார்டின் வழித்தோன்றல். அதன் வசதியை நாம் வெறுக்க வேண்டியதில்லை. ஆயினும் இராகத்தில் அமைந்த நம் தமிழ்ப் பாடல்கள் அதன் கட்டைகளுக்கு அடங்கித் தட்டையாகும்போது, கல்கத்தாவில் நிகழ்ந்ததே நம் பாடற்குழுவிலும் நிகழ்கிறது. பூந்தமல்லி திரு இருதயக் குருமடத்தில் பயிலும் நாளைய பங்குத்தந்தையரும் பங்கு மக்களாகிய நாமும் இதை எண்ணிப் பார்ப்போம். பங்குக்கு ஒரு சிறுவனோ சிறுமியோ வயலின் கற்க வழிசெய்தால், பொத்தானில் கேட்கும் ஒலி மீண்டும் ஒரு பிள்ளையின் விரலில் உயிர்பெறும்.