பிரிட்டன் நிலக்கரி மின்சாரத்தைக் கைவிட்ட முறை

நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கிய முதல் நிலையங்களில் ஒன்று 1882இல் லண்டனின் ஹோல்பர்ன் பகுதியில் தொடங்கியது. அந்த வழக்கம் பிரிட்டனில் 2024 செப்டம்பர் 30 அன்று முடிவுக்கு வந்தது. அன்று நாட்டிங்காம்ஷயரில் உள்ள ராட்கிளிஃப் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களும் 2,000 மெகாவாட் திறனும் கொண்ட அந்த நிலையம் 1960களின் பிற்பகுதியிலிருந்து இயங்கியது. 2012இல் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு நிலக்கரியிலிருந்தே வந்தது. நான்கே ஆண்டுகளில் அது 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

இத்தனை வேகமான சரிவுக்குத் தடைச் சட்டம் காரணமல்ல. நிலக்கரியை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்ததே 2015 நவம்பரில்தான். அதற்குள் விலை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய உமிழ்வுச் சந்தையில் கரிமத்தின் விலை அடிமட்டத்தில் கிடந்ததால், 2013 ஏப்ரலில் பிரிட்டன் அதற்கு மேல் தன் சொந்த வரியையும் விதித்தது. 2015இல் அது டன்னுக்கு 18 பவுண்டாக உயர்ந்தது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிவாயுவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கரியமில வாயுவை வெளியிடும் நிலக்கரிக்கு அடி பலமாக விழுந்தது. கந்தகப் புகை தொடர்பான ஐரோப்பிய விதிகளாலும் பல பழைய நிலையங்கள் மூடப்பட்டன.

தொடக்கத்தில் நிலக்கரியின் இடத்தைப் பெருமளவு பிடித்தது எரிவாயுவே. இதை மறைத்துக் காற்றாலைக்கே முழுப் பெருமையும் தருவது சரியாகாது. கடற்காற்றாலைகள் வலுப்பெற்றது அதன் பிறகு. அவற்றுக்கு உதவியது அரசின் ஏல முறை. அதில் வென்ற நிறுவனத்துக்கு 15 ஆண்டுகளுக்கு ஒரு விலை உறுதி செய்யப்பட்டது. சந்தை விலை குறைந்தால் மீதித்தொகை நிறுவனத்துக்குக் கிடைக்கும். கூடினால் உபரியை நிறுவனம் திருப்பித் தரவேண்டும். வருமானம் நிச்சயமானதால் கடன் மலிவாகக் கிடைத்தது. 2015 ஏலத்தில் யூனிட்டுக்கு 12 பென்ஸ் அளவில் இருந்த கடற்காற்று மின்சாரத்தின் விலை, 2019இல் 4 பென்ஸ் அளவுக்கு வந்தது (இரண்டும் 2012ஆம் ஆண்டு விலைமதிப்பில்).

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் 2008ஆம் ஆண்டின் காலநிலை மாற்றச் சட்டம். ஐந்தாண்டுக்கு ஒரு முறை உமிழ்வுக்கு உச்சவரம்பு வகுப்பதையும், அதைக் கண்காணிக்கத் தனிக் குழு அமைப்பதையும் அது கட்டாயமாக்கியது. ஆட்சிகள் மாறினாலும் உமிழ்வைக் குறைக்கும் இலக்கு தளரவில்லை. 2019இல் அது நிகர பூஜ்ஜியமாகவே கடுமையாக்கப்பட்டது.

இந்த மாற்றத்தில் சில ஓட்டைகளும் உண்டு. யார்க்ஷயரின் டிராக்ஸ் நிலையம் நிலக்கரிக்குப் பதில் அழுத்திய மரத்தூள் துண்டுகளை எரிக்கிறது. அவை பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகின்றன. மரம் மீண்டும் வளரும் என்ற அடிப்படையில் அந்தப் புகைபோக்கியிலிருந்து வரும் கரியமில வாயு மின்துறைக் கணக்கில் சேருவதில்லை. காடு வளரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் இந்த விலக்கு வலுவற்றது. காற்று ஓய்ந்த குளிர்கால மாலைகளில் எரிவாயு நிலையங்களே கைகொடுக்கின்றன. ஸ்காட்லாந்தில் காற்று பலமாக வீசும் நாள்களில், மின்சாரத்தைத் தெற்கே கொண்டுசெல்லப் போதுமான உயரழுத்தத் தடங்கள் இல்லாததால், பணம் கொடுத்துக் காற்றாலைகள் நிறுத்திவைக்கப்படுகின்றன.