சென்னையின் வாடகை வண்டிகள்

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்ற கதையின் ஆரம்பத்தில், பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற மூலையில் நின்றுகொண்டு, டிராமில் போனால் கையில் எவ்வளவு மிஞ்சும், மிஞ்சியதில் வெற்றிலை பாக்குப் போட முடியுமா, பஸ்ஸில் ஏறிக் கொஞ்ச தூரம் டிக்கட் வாங்காமல் சமாளித்தால் காபிக்குத் தேறுமா என்று திருவல்லிக்கேணிவாசியான கந்தசாமிப் பிள்ளை என்ற கிருகஸ்தர் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு கடவுளே மனித ரூபத்தில் எதிர்ப்பட்டு, இருவரும் சேர்ந்து பிரயாணம் செய்வதோ ரிக்ஷாவில். சென்னையின் வாகனங்களைப் பற்றிச் சரித்திரம் எழுதப் புகுகிறவனுக்கு அந்த மனக்கணக்கைவிடச் சிறந்த தோற்றுவாய் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். வேகமும் சௌகரியமும் இந்நகரத்தின் சாமானிய ஜனங்களுக்கு எக்காலத்திலும் இரண்டாம் பட்சமே. எவ்வளவு ஆகும் என்பதும், அந்தத் தொகையைச் சொல்லும் அதிகாரம் யாருடையது என்பதுமே அவர்கள் வண்டிப்படியில் கால் வைக்குமுன் நினைத்துப் பார்த்த விஷயங்கள்.

துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், கப்பலில் வந்த அந்நியன் இந்நகரத்தில் முதன்முதலாகக் கூலி பேசியது தரையிலே அன்று, அலைகளின்மேலே. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஏறித்தான் கரை சேர வேண்டியிருந்தது. கட்டணம் முன்னரே விதிக்கப்பட்டிருந்தும், நுரைத்துப் பொங்கும் அலைகளின் நடுவே படகோட்டிகள் மேற்கொண்டு கேட்டார்கள் என்று பிரயாணிகள் குறைப்பட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் படகில் அமர்ந்திருந்தவர்கள். அந்த அலையில் அன்றாடம் உயிரைப் பணயம் வைத்துத் துடுப்புப் போட்டவர்கள் தங்கள் பக்கத்தை எழுதவில்லை. வாடகை வண்டிகளின் சரித்திரம் முழுவதிலும் இந்தக் குறை உண்டு என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

தரையிலே பல்லக்கு இருந்தது, அது பிரபுக்களுக்கு. நடுத்தரக் குடும்பத்தார் ஏறியது ஜட்கா. ஒற்றைக் குதிரை பூட்டி, கூண்டு கட்டி, பின்புறமாக ஏறி, புல்லின்மேல் விரித்த பாயில் காலை மடக்கி உட்கார வேண்டிய அந்த இரட்டைச் சக்கர வண்டியில் பாரம் சமமாக இல்லாவிட்டால் குதிரையின் கழுத்து மேலே தூக்கிக்கொள்ளும். ஆகையால் “கொஞ்சம் முன்னாலே வாங்க சாமி” என்று வண்டிக்காரர் ஓயாமல் வேண்டிக்கொள்வதும், உள்ளே இருக்கிற மாமியும் குழந்தைகளும் மூட்டை முடிச்சுகளும் ஒருவர்மேல் ஒருவராக நகர்ந்து கொடுப்பதும் ஜட்காப் பிரயாணத்தின் பிரிக்க முடியாத அங்கங்கள். 1911-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வாடகை வண்டிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. உரிமமும் நிபந்தனைகளும் வந்தன; ஆனாலும் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் பேரம் நிற்கவில்லை.

ஜட்காவுக்குப் போட்டியாக வந்தது மனிதன் இழுக்கும் ரிக்ஷா. 1870-ஐ ஒட்டி ஜப்பானில் தோன்றி, ஆசியாவின் துறைமுகப் பட்டணங்கள்தோறும் பரவிய அந்த வாகனம் சென்னையிலும் வேரூன்றியது. தார் உருகும் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு ஓடிய அந்த மனிதருக்கு, பெரும்பாலும், தாம் இழுக்கிற வண்டி சொந்தமன்று. காலையில் முதலாளியின் கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர், சவாரி கிடைத்ததோ இல்லையோ, இரவில் நாள் வாடகையைக் கட்டியே தீர வேண்டும். அந்த வாடகை ஈடாகும்வரை அவர் ஓடுவது முதலாளிக்காக. அதற்கு மேல் ஓடுகிற ஓட்டம்தான் அவருடைய வீட்டு அடுப்புக்கு. சவாரிக்கு இரண்டணா அதிகம் கேட்டாரே என்று கோபித்துக்கொண்ட ஏறுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கண்ணில் படவில்லை. நாள் வாடகை என்ற இந்த ஏற்பாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். வேறொரு உருவத்தில் அதை மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

பேரமே இல்லாத முதல் வாகனம் டிராம். 1895 மே மாதத்தில் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் இந்தியாவிலேயே முதலாவது. 1921-இல் 97 வண்டிகள் சுமார் 24 கிலோமீட்டர் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. டிராமின் பெருமை அதன் மின்சாரத்தில் இருந்ததாக நான் கருதவில்லை. இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்கு இவ்வளவு என்பது வக்கீலுக்கும் கூலிக்காரருக்கும் ஒன்றாகவே இருந்தது. ஏறுகிறவருடைய வேஷ்டியின் வெண்மையைப் பார்த்துக் கட்டணம் ஏறவில்லை. கந்தசாமிப் பிள்ளை மூலையில் நின்றபடியே மிச்சத்தைக் கணக்கிட முடிந்ததற்குக் காரணம் அதுவே. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலும் வந்து, நகரத்தின் தெற்கெல்லை நீண்டது. டிராம் கம்பெனியோ நஷ்டத்திலும் தொழிலாளர் விவகாரங்களிலும் சிக்கி, 1953 ஏப்ரலில் கதவை அடைத்தது. அதற்குள், 1947 முதல் அரசாங்கமே ஏற்று நடத்தத் தொடங்கிய பஸ்கள் டிராமின் ஜனங்களைச் சுவீகரித்துக்கொண்டன. 1972-இல் அவை பல்லவன் போக்குவரத்துக் கழகம் ஆயின.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதன் ஸ்தானத்தில் வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகை மோட்டார்களை இரண்டு ஜாதியாகப் பிரித்தன. வழியெங்கும் நிறுத்தி, ஆள் ஆளாக ஏற்றி, ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாம் பஸ். முழு வண்டியையும் ஒரு தரப்பாரிடமே வாடகை பேசிக்கொண்டு, வழியில் வேறு எவரையும் ஏற்றாமல் போக வேண்டும் டாக்ஸியும் ஆட்டோவும். காகிதத்தில் பார்த்தால் இது தெளிவான பாகுபாடு. ஆனால் முழு வண்டிக்குப் பணம் கொடுக்க வகையில்லாமலும், பஸ்ஸுக்காக முக்கால் மணி காத்து நிற்க நேரமில்லாமலும் இருக்கிற பல லட்சம் ஜனங்களுக்கு அந்தப் பாகுபாட்டில் இடம் வைக்கப்படவில்லை.

1973-இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில், மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்ஷா ஒழிக்கப்பட்டு, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷாக்கள் இலவசமாக வழங்கப்பட்டன. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் எம்.ஜி.ஆர். நடித்த ‘ரிக்ஷாக்காரன்’ வெளிவந்து, மிதித்துப் பிழைக்கிறவனை வெள்ளித்திரையின் நாயகனாக்கியிருந்தது. அவரே 1960-களின் தொடக்கத்தில் ரிக்ஷாத் தொழிலாளர்களுக்கு மழைக்கோட்டு வழங்கியதையும் இந்நகரம் மறக்கவில்லை. இழுத்தவர்களுக்கே வண்டி கொடுத்த அந்த 1973-ஆம் ஆண்டு நடவடிக்கையை அதற்குரிய கௌரவத்தோடு சொல்ல வேண்டும். நாள் வாடகை கட்டிக்கொண்டிருந்த ஒருவருடைய கையில் வண்டியே சொந்தமாக வந்து சேர்ந்தது என்பது சென்னையின் வாகன சரித்திரத்தில் அபூர்வமான சம்பவம். சைக்கிள் ரிக்ஷாவின் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. மூன்று சக்கர ஆட்டோ அதையும் ஒதுக்கிற்று.

ஆட்டோக்காரரைப் பற்றிப் பேசாத சென்னைவாசி இல்லை. பேசுவது பெரும்பாலும் நிந்தையே. மீட்டர் ஒரு பக்கம் கண் மூடிக் கிடக்க, “மீட்டருக்கு மேலே போட்டுக் கொடுங்க சார்”, “திரும்பி வர சவாரி கிடைக்காதும்மா” என்று ஆரம்பிக்கும் சம்பாஷணை நம் எல்லோருக்கும் பழக்கமானது. அதில் நியாயமில்லாத பேராசை பல சமயங்களில் இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் பேரத்தின் பிறப்பிடத்தை நான் வேறிடத்தில் காண்கிறேன். 2007-இல் முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் என்று அரசாங்கம் விதித்தது. எரிபொருளும் அரிசியும் வீட்டு வாடகையும் ஏறிக்கொண்டே போக, அந்தத் தொகை ஆறு வருஷத்துக்கு மேல் அசையவில்லை. 2013 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் வரை விவகாரம் போன பிறகு, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், மேற்கொண்டு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று திருத்தப்பட்டது. ஓராண்டுக் காலம் மீட்டர்கள் ஓடின; போலீசாரும் சோதித்தார்கள். பிறகு அந்தத் திருத்தமும் பழையதன் கதியையே அடைந்து, பத்தாண்டு தாண்டியும் அப்படியே நின்றது. விதித்த கட்டணம் வாழ்க்கைச் செலவோடு நடக்க மறுத்தால், ஓட்டுகிறவர் அதைக் கைவிடுவார். கைவிட்ட இடத்தில் பேரம் முளைக்கும். குற்றத்தில் பெரும்பங்கு ஸ்டாண்டில் நின்றவருடையது அன்று, கோப்பை மூடி வைத்தவர்களுடையது.

சட்டம் இடம் வைக்காத அந்த லட்சோபலட்சம் ஜனங்கள் தாமே தமக்கு ஒரு வாகனம் சிருஷ்டித்துக்கொண்டார்கள். அதுதான் ஷேர் ஆட்டோ. பெட்டி போன்ற பெரிய மூன்று சக்கர வண்டிகளும், பின்னால் வந்த சிறு வேன்களும் பஸ் போகிற சாலையிலேயே, பஸ் ஸ்டாப்பிலேயே நின்று, ஆள் சேர்ந்ததும் புறப்பட்டு, கை காட்டிய இடத்தில் நிறுத்தி, பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று எல்லோரும் அறிந்த தொகையை வாங்கிக்கொண்டு போயின. அதன் உரிமமோ பெரும்பாலும் முழு வண்டியாக வாடகைக்கு விடுவதற்கானது. ஆகவே ஒவ்வொரு சவாரியும் சட்டப்படி அபராதத்துக்குரியது. வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் நகரம் வளர்ந்த வேகத்தில் பஸ்கள் வளராதபோது, துணிக்கடைப் பெண்ணும், கட்டட வேலைக்குப் போகிற மேஸ்திரியும், கணினிக் கம்பெனி உத்தியோகஸ்தரும் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து வேலைக்குப் போனது இந்த அபராதத்துக்குரிய வண்டியில்தான். பின்னால் இருக்கிறவர் கொடுத்த நோட்டு நாலு கை மாறி ஓட்டுகிறவரிடம் போவதும், சில்லறை அதே வழியில் பைசாக் குறையாமல் திரும்பி வருவதும் நான் பலமுறை கண்டு வியந்த காட்சி. ஆட்களைத் திணிப்பதும் ஓரத்தில் தொங்கவிடுவதும் ஆபத்தானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஷேர் ஆட்டோவைப் பஸ்ஸின் எதிரி என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. பஸ் வராத இடைவெளியே அதைப் பெற்றெடுத்தது. 2013-இல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் சந்துகளுக்குள் சிற்றுந்துகளை விட்டபோது, அரசாங்கமே அந்த இடைவெளியை ஒப்புக்கொண்டது.

தொலைபேசியில் கூப்பிட்டால் வரும் கால் டாக்ஸிகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னைக்கு வந்துவிட்டன. பின்னர் 2010-இல் தொடங்கிய ஓலாவும், 2013-இல் இந்தியாவுக்குள் வந்த ஊபரும் கைத்தொலைபேசிச் செயலியைக் கொண்டுவந்தன. ஜட்கா காலம் முதல் நடந்துவந்த வாசற்படிப் பேரம் ஒரே வீச்சில் மறைந்தது. ஏறுமுன்னே தொகை தெரிந்தது. அர்த்தராத்திரியில் எழும்பூரில் இறங்கிய பெண் வண்டி எண்ணையும் வழியையும் வீட்டாருக்கு அனுப்பிவிட்டு ஏறினாள். இது சாமானிய நன்மையன்று. அதே சமயம், தொகையைச் சொல்கிறவர் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார். மழை பெய்தால் தொகை ஏறுகிறது. ஏற்றியவரிடம் ஏறுகிறவரும் பேச முடியாது, ஓட்டுகிறவரும் பேச முடியாது. முன்பு பேரம் பேசியவர்கள் இருவர், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கூட்டம் மிகுந்த வேளையிலும் தொகை அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டலாகாது என்றும், ஓட்டுநருக்கு 80 சதவீதமாவது சேர வேண்டும் என்றும் கூறின; 2025 ஜூலையில் வந்த புதிய நெறிகளோ அந்த உச்சத்தை இரண்டு மடங்காக உயர்த்தின.

இந்தக் கம்பெனிகளும் பங்கு சவாரியை முயன்று பார்த்தன. ஒரே திசையில் போகிற அந்நியர்களை ஒரே காரில் சேர்த்துக் கட்டணத்தைக் குறைக்கும் ஏற்பாடு 2015-இல் பெங்களூரில் தொடங்கியது. 2017-இல் கர்நாடகப் போக்குவரத்துத் துறை, முழு வண்டி உரிமத்தில் ஆள் ஆளாக ஏற்றலாகாது என்று, ஷேர் ஆட்டோக்காரரைத் தண்டித்த அதே பாகுபாட்டைக் காட்டித் தடுத்தது. தொற்றுநோய்க் காலத்தில் அந்த ஏற்பாடு நின்றே போயிற்று. சட்டம் தடுக்காவிட்டாலும் அது ஷேர் ஆட்டோவின் ஸ்தானத்தைப் பிடித்திருக்காது என்று நினைக்கிறேன். செயலிக் கார் ஒவ்வொருவர் வீட்டு வாசலையும் தேடிக்கொண்டு சந்து சந்தாகச் சுற்ற வேண்டும். ஷேர் ஆட்டோ பெரிய சாலையை விட்டு இறங்காது, ஜனங்கள்தான் அதனிடம் நடந்து வருவார்கள். பஸ்ஸுக்கும் டிராமுக்கும் உரிய இலக்கணம் அதுவே. ஒவ்வொருவரும் பத்து நிமிஷம் நடக்க ஒப்பினால்தான் எல்லோருக்கும் கட்டணம் மலிவாகும்.

அந்த இலக்கணத்தைப் பூரணமாகக் கடைப்பிடிப்பது இன்றும் பஸ்ஸே. 2021 மே மாதம் முதல் வெள்ளைப் பலகை மாட்டிய சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கிறார்கள். 2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஆரம்பித்த மெட்ரோ ரயில் நகரத்துக்கு அழகு சேர்த்திருக்கலாம். வீட்டு வேலைக்குப் போகிற ஒரு தாயின் மாதக் கணக்கை மாற்றியது அந்த வெள்ளைப் பலகைப் பஸ்தான்.

ஆட்டோ ஓட்டுநர்களின் கணக்கும் சமீபத்தில் மாறியிருக்கிறது. சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடித்ததை அவர்கள் பலமாக எதிர்த்ததன் பலனாக, நம்ம யாத்ரி போன்ற செயலிகள் கமிஷனை விட்டு, நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்ற சிறு தொகையை மட்டும் வாங்கிக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தன. பெரிய கம்பெனிகளும் ஆட்டோக்களின் விஷயத்தில் அதைப் பின்பற்றின. ரிக்ஷாக் கொட்டகையின் நாள் வாடகை இவ்வாறு திரும்பி வந்திருக்கிறது. அன்றைய தொகை முதுகை ஒடித்தது, இன்றையது சில பத்து ரூபாய். வண்டியும் இப்போது பெரும்பாலும் கடனிலாவது அவருடையது. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். ஆனால் சவாரியைத் தேடித் தருகிற அந்தச் செயலி இன்னொருவர் கையில் இருக்கும்வரை, நாளைக்கு அந்தச் சிறு தொகையை உயர்த்துகிற அதிகாரமும் அவருடையதே. ஆதலால்தான், கட்டணத்தை அரசாங்கம் காலாகாலத்தில் திருத்த வேண்டும், செயலியையும் அரசாங்கமே நடத்த வேண்டும் என்று தமிழ்நாட்டு ஆட்டோத் தொழிற்சங்கங்கள் வருஷக்கணக்காகக் கேட்டு வருகின்றன. பக்கத்துக் கேரளம் 2022-இல் ‘கேரள சவாரி’ என்ற பெயரில் அப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டது. சென்னையில் 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கட் எடுக்கும் ஏற்பாடு வந்து, அதிலேயே ஆட்டோவையும் அழைக்கலாம் என்று ஆயிற்று. அந்த ஆட்டோவுக்குரிய கட்டணம் மட்டும் 2013-இல் விதித்ததாகவே அரசாங்கத் தாளில் இருந்தது.