தகடும் விரலும்: இரண்டு எஞ்சின்களின் டேப்பெட் கணக்கு

வால்வு முழுதாக மூடியிருக்கும்போது, அதை இயக்கும் உறுப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும்? மாடல் விமானங்களுக்காக ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் செய்த எஃப்.எஸ். சர்பாஸ் வகை எஞ்சினுக்கு, ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் இடையே 0.04 மி.மீ.க்குக் குறையாமலும் 0.10 மி.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும். சென்னைத் திருவொற்றியூரில் உருவான பழைய வார்ப்பிரும்பு பேரல் புல்லட்டுக்கு இடைவெளியே கூடாது. புஷ்ராடு மேலும் கீழும் ஆடாமல், விரலால் உருட்டினால் மட்டும் தடையின்றிச் சுழல வேண்டும். இரண்டுமே ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள். காற்றால் குளிர்பவை, புஷ்ராடு கொண்டு வால்வைத் திறப்பவை. இரண்டையும் எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் சரிபார்க்க வேண்டும். அப்படியிருந்தும் விதி ஏன் வேறாகிறது?

உருவ வித்தியாசம்தான் காரணம் என்று தோன்றலாம். சர்பாஸ் வகையைச் சேர்ந்த எஃப்.எஸ்.-52 எஞ்சின் 8.5 சி.சி. அளவுடையது, புல்லட் 346 சி.சி. ஏறத்தாழ நாற்பது மடங்கு. ஆனால் அளவை மட்டும் பார்த்தால் பெரிய எஞ்சினுக்குத்தானே அதிக இடைவெளி இருக்க வேண்டும்? இங்கே தலைகீழாக இருக்கிறது. விடை, எந்த உறுப்பு எந்த உலோகத்தால் ஆனது என்பதில் இருக்கிறது.

மாடல் எஞ்சினின் கிராங்க்கேஸும் ஹெட்டும் அலுமினியக் கலவை. அதற்குள் ஓடும் மெல்லிய புஷ்ராடு எஃகு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். 50 மி.மீ. உயரத்துக்கு 100 டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் சுமார் 0.11 மி.மீ. வளரும், எஃகு 0.06 மி.மீ. வளரும். ஹெட் மேலே போய்விட, புஷ்ராடு பின்தங்கிவிடும். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டும் சூட்டில் நீண்டு இதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும் என்றாலும், மொத்தத்தில் எஞ்சின் சூடேறச் சூடேற இடைவெளி விரியும். விரியும் அந்த அளவு, அனுமதித்த எல்லைக்குள் இருக்கும் மொத்த வித்தியாசத்துக்கே கிட்டத்தட்டச் சமம் என்பதைக் கவனியுங்கள். ஆறிய நிலையில் 0.10 மி.மீ.யைத் தாண்டி விட்டுவிட்டால், ஓடும்போது வால்வு தாமதமாகத் திறந்து, சீக்கிரமே மூடி, குறைவாகவே எழும்பும். அந்தக் குட்டி கேமின் மேட்டில் 0.10 மி.மீ. என்பது சின்னத் தொகை அல்ல. சாதாரண அச்சுத்தாள் ஒன்றின் கனம்தான், ஆனாலும் புரொப்பெல்லர் சுற்றும் வேகத்தில் அது தெரிந்துவிடும்.

புல்லட்டில் உலோகங்கள் இடம் மாறியிருக்கின்றன. பேரல் வார்ப்பிரும்பு, புஷ்ராடு அலுமினியம். எரிதலுக்கு அருகில் இருக்கும் பேரல் அதிகம் சூடேறும். புஷ்ராடு அவ்வளவு சூடாவதில்லை. ஆனால் அது எளிதில் நீளும் உலோகம் என்பதால், குறைந்த சூட்டிலேயே பேரலின் வளர்ச்சியை எட்டிப் பிடித்துவிடும். அதனால்தான் ஆறிய நிலையில் வைத்த அளவு ஓட்டத்திலும் ஏறக்குறைய நிலைத்து நிற்கிறது. அந்த வடிவமைப்பைச் செய்தவர்களை மனமாரப் பாராட்ட வேண்டும்.

வேலை செய்யும் முறையும் இதையே பின்பற்றுகிறது. மாடல் எஞ்சினில் மேலேயுள்ள ராக்கர் கவரைக் கழற்றி, புரொப்பெல்லரை ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றி, கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வரும். எக்ஸாஸ்ட் முடியும் உச்சியில் இரண்டு வால்வுகளும் லேசாகத் திறந்தே இருக்கும். அங்கே அளப்பது வீண். கையில் எதிர்ப்பு தெரியும் உச்சிதான் சரியானது. இடைவெளியில் 0.04 மி.மீ. கனமுள்ள அளவுத் தகடு நுழைய வேண்டும், 0.10 தகடு நுழையக் கூடாது. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை நூலிழை திருப்பி, மறுபடி இறுக்கிய பிறகு இன்னொரு முறை தகடு விட்டுப் பார்ப்பது கட்டாயம். இறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடும்.

புல்லட்டில் வேலை கீழே நடக்கும். எஞ்சினின் வலப்பக்கம் உள்ள சிறு மூடியைத் திறந்தால் புஷ்ராடுகளின் அடியிலேயே அட்ஜஸ்டர் இருக்கும். கம்ப்ரஷன் உச்சி என்ற விதி இங்கும் உண்டு. லாக் நட் இறுக்கும்போது அளவு நகரும் தொல்லையும் உண்டு. ஆனால் அளவுகோல் மெக்கானிக்கின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான். எக்ஸாஸ்ட் புஷ்ராடை மட்டும் மயிரிழை தளர்வாக விடுபவர்களும் உண்டு. மிகையாக இறுகிய எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் முழுதாக உட்காராமல், சூட்டை இறக்க வழியின்றி விளிம்பில் கருகும் என்பதால் அது நியாயமான எச்சரிக்கை. மாடல் எஞ்சினில் இறுக்கம் வேறு விதமாகத் தெரியும்: கம்ப்ரஷன் கசியும், ஸ்டார்ட் ஆக மறுக்கும், ஐடிலில் தடுமாறும்.

இரண்டில் எது சிறந்த முறை என்று கேட்டால், தகடுதான் என்பேன். விரலின் உணர்வு ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கற்றுக்கொடுக்க ஒரு குரு பக்கத்தில் நிற்க வேண்டும். தகடு யார் கையிலும் ஒரே விடை தரும். அதைவிட முக்கியம், தகட்டின் அளவைக் குறித்து வைக்கலாம். போன முறை 0.06 இருந்தது இப்போது 0.03 என்றால் வால்வு தன் சீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. விரிந்துகொண்டே போனால் கேமோ ராக்கரோ தேய்கிறது, இல்லையேல் லாக் நட் தளர்ந்திருக்கிறது. இந்த வரலாற்றை விரல் நினைவில் வைத்திருக்காது. பின்னால் வந்த யூனிட் எஞ்சின் புல்லட்டில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் வைத்துவிட்டதால், அங்கே இந்த வேலையே இல்லாமல் போனது.

புல்லட்டில் கை பழகியவர்கள் மாடல் எஞ்சினை முதன்முதலாகத் திறக்கும்போது அந்தப் பழக்கத்தை ஒதுக்கி வையுங்கள். இரண்டு தகடுகளையும் கையில் எடுங்கள். எஞ்சின் முழுதாக ஆறும் வரை கவரைத் தொடாதீர்கள்.