டம்மி எண்ணும் லினக்ஸும்



சென்ற வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், லினக்ஸ் கர்னல் எழுதுற செய்தியில வர்ற நினைவக முகவரி உண்மையான முகவரியே இல்லையாமே! அப்புறம் எதுக்கு சார் அதை எழுதணும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கணினி படிக்காதவர்களுக்கு ஒரு வரி. நினைவகத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் வீட்டுக் கதவு எண் போல ஓர் எண் உண்டு. அதுதான் முகவரி. இயக்க அமைப்பு தடுமாறும்போது, எந்த இடத்தில் தடுமாறியது என்று அந்த எண்ணை எழுதிவைக்கும். பழுது பார்ப்பவருக்கு அதுதான் துப்பு.

1975இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு ஓடியது 16 பிட் கணினியில். முகவரியை 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களால், எண்ம முறையில், ஆறு இலக்கத்துக்குள் எழுதிவிடலாம். செய்தியும் கணினி அறையில் இருந்த கன்சோலில்தான் விழும். பார்ப்பவர் அந்த அறையில் இருப்பவர்.

1989இல் சி மொழிக்குத் தரநிலை வந்தபோது, முகவரியை அச்சிட '%பி' என்ற குறியீடு கிடைத்தது. லினக்ஸ் கர்னலை எழுதியவர்களும் அதையே தாராளமாகப் பயன்படுத்தினார்கள். இன்றைய 64 பிட் கணினியில் முகவரி என்பது பதினாறு நிலை முறையில் 16 இலக்கம். ஆனால் லினக்ஸில் இந்தச் செய்திகளைப் பல கணினிகளில் சாதாரணப் பயனரும் படிக்க முடிந்தது. பழுது பார்ப்பவருக்கான துப்பு திருடனுக்கும் கிடைத்தது.

2011இல் ஒரு தீர்வு வந்தது. '%பிகே' என்று எழுதினால், நிர்வாகியின் அமைப்பைப் பொறுத்து முகவரி மறைக்கப்படும். 2014இல் 3.14ஆம் பதிப்பில் இன்னொரு காவலும் சேர்ந்தது. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் கர்னலைத் தற்செயலான வேறோர் இடத்தில் வைக்கும் வசதி அது. ஆனால் கர்னல் மொத்தமாக நகருமே தவிர, அதற்குள் இருக்கும் இடைவெளிகள் மாறுவதில்லை. ஓர் உண்மையான முகவரி கசிந்தால் போதும், மற்றவற்றைக் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு மாணவனின் பதிவெண் தெரிந்தால் அந்தப் பள்ளியின் வரிசை முழுவதும் தெரிந்துவிடுவது போல!

'%பிகே'யின் குறை என்ன? எழுதுகிறவர் ஞாபகமாக அதைப் போட வேண்டும். 2017இல் பார்த்தால், வெறும் '%பி' ஏறத்தாழ 14,000 இடங்களில் இருந்தது.

அப்போது டோபின் ஹார்டிங் என்பவர் செய்த மாற்றம் எளிமையானது. அந்த 14,000 இடங்களையும் திருத்தவில்லை. '%பி'யின் பொருளையே மாற்றினார். 2018 ஜனவரியில் வெளியான 4.15ஆம் பதிப்பிலிருந்து, '%பி' உண்மையான முகவரிக்குப் பதில் ஒரு புனை எண்ணைத்தான் காட்டும். ஒரு ரகசியச் சாவியைக் கொண்டு கணக்கிட்ட எண் அது. கணினியை மறுபடி தொடங்கினால் சாவியும் மாறிவிடும்.

அப்படியானால் அந்த எண்ணால் என்ன பயன்? இங்கேதான் என் ஆசிரியர் நண்பர்களுக்கு நம் டம்மி எண் ஞாபகம் வரும். விடைத்தாள் யாருடையது என்று அது சொல்லாது. ஆனால் ஒரு தாளுக்கு ஒரே எண்தான் என்பதால் மறுகூட்டலுக்குச் சிக்கல் இல்லை. அதேபோல, இரண்டு வரிகளில் ஒரே புனை எண் வந்தால் இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை என்று பழுது பார்ப்பவர் அறியலாம். உண்மையான முகவரியே வேண்டுமென்றால் '%பிஎக்ஸ்' என்று தனியாக எழுத வேண்டும். ஏன் வேண்டும் என்று காரணமும் சொல்ல வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒருமுறை திருத்தும் முகாமில் ஒரு கையெழுத்து என் மாணவனுடையது போலவே இருந்தது. அவன் பதிவெண் எனக்கு மனப்பாடம். கை தானாக முதல் பக்கத்தைப் புரட்டியது. அங்கே இருந்தது டம்மி எண். பேசாமல் விடைக்கு உரிய மதிப்பெண்ணைப் போட்டேன். அன்று அந்த எண் காப்பாற்றியது என்னைத்தான்.

"கவனமாக இருங்கள்" என்று ஆயிரம் பேரிடம் சொல்வதை விட, கவனம் தப்பினாலும் கெடாதபடி ஏற்பாட்டை அமைப்பது நல்லது. வகுப்பில் இதைச் சொல்லத் தவறிவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன்.

கர்னலில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பிழை இருந்தால் திருத்துங்கள்.